லூதர் ஸ்பர்லாக்கின் இரண்டாவது இறுதிப் பிரசங்கம்

1

இந்தக் கதை எனக்குத் தபாலில் வந்தது. முப்பத்தொரு வருடம் மேர் ஓடை என்ற மலையூரின் தபால் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள். அந்தப் பழக்கத்தில் என் பெயருக்கே வந்த பொட்டலத்தைப் பிரிக்கவும் மூன்று நாள் தயங்கினேன். உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம், மடித்துவைத்த சில தாள்கள், ஒஹாயோவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதிய கடிதம்.

"என் தகப்பனார் வெண்டல் ஆஷ்பி 1915ஆம் வருடத்திலிருந்து சில காலம் உங்கள் மலையில் ஊழியம் செய்தவர். இதில் உங்கள் ஓடைக்காரர்கள் பெயர்கள் நிறைய வருகின்றன. அங்கே யாருக்காவது பயன்படலாம்."

பயன்பட்டது. எழுபத்துமூன்று வயதில் என் தூக்கத்தைக் கெடுக்க நன்றாகவே பயன்பட்டது.

நான் எழுத்தாளர் இல்லை என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உள்ளூர்ப் பத்திரிகையில் பதினோரு கதை எழுதியிருக்கிறேன். புகழ் இரண்டு ஓடை தாண்டிப் போகவில்லை, அவ்வளவுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மூடுபனி போர்த்திய கென்டக்கி மலைகளின் மடியில், ஓர் இளம் போதகர் தன் கோவேறு கழுதையின் மீது—"

வேண்டாம். எங்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதும் எல்லாப் புத்தகமும் மூடுபனியில்தான் தொடங்குகிறது. அடுத்த பக்கத்தில் சாராயம் காய்ச்சுவார்கள், அதற்கடுத்த பக்கத்தில் துப்பாக்கி வெடிக்கும். (சாராயம் காய்ச்சினோம். இல்லையென்று சொல்லவில்லை. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

"டெல்ஃபியா ஸ்பர்லாக் ஒரு விதவை. அதிலும் பிரசங்கம் ஆகாத விதவை."

இது இருக்கட்டும். மலைக்கு வெளியே இருக்கும் வாசகருக்காக ஒரு குறிப்பு மட்டும்.*

* எங்களிடம் அந்தக் காலத்தில் செத்தவரை மறுநாளே அக்கம்பக்கத்தார் புதைத்துவிடுவார்கள். இறுதிப் பிரசங்கம் காத்திருக்கும். போதகர் வர வேண்டும், பாதை காய வேண்டும், சோளக்கொல்லை வேலை முடிய வேண்டும். ஒரு வருடம் ஆகும், நாலு வருடமும் ஆகும். முதல் மனைவியின் பிரசங்கத்தில் ஒருவர் தேம்பித் தேம்பி அழ, பக்கத்தில் உட்கார்ந்த இரண்டாம் மனைவி கைக்குட்டை எடுத்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். யாரும் அதை வேடிக்கையாக நினைக்கவில்லை.

3

வெண்டல் ஆஷ்பியை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நல்லவர்களை எழுதுவது கஷ்டம். வந்தபோது வயது இருபத்திரண்டு. ஒஹாயோவில் சோற்றுத் தட்டுபோல் சமதளமான ஊரில் பிறந்தவர். சபை அவரை அனுப்பியது. அவரும் ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

நோட்டில் சாகசங்களுக்குக் குறைவில்லை. வெள்ளத்தில் பைபிளைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடையைக் கடந்திருக்கிறார். யாருடைய பன்றியோ துரத்தி, ஆப்பிள் மரத்தில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். ஜூபிலி என்ற அவருடைய கோவேறு கழுதை, அவர் ஜெபத்துக்குக் கண்ணை மூடும் நேரம் பார்த்து வீட்டுக்குத் திரும்பி நடந்துவிடும். பதினாறு மாத ஊழியத்துக்குப் பிறகு அவருடைய ஞாயிறு பள்ளிக்கு வந்தவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் அடுப்புச் சூட்டுக்காக வந்தவர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். இலையுதிர் காலத்துக்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் திரும்பி வந்துவிடும்படி சபையிலிருந்து கடிதமும் வந்துவிட்டது.

அப்போதுதான், 1916 ஜூனில், மாவரைக்கும் இடத்தில் ஒருவர் அவரிடம் சொன்னார்: லூதர் ஸ்பர்லாக்குக்கு இறுதிப் பிரசங்கம் பண்ண ஆள் இல்லை, அவன் பெண்டாட்டி உங்களைக் கேட்டாள்.

வெண்டல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டும் மழையில் ஏழு மைல் பாய்ந்தார். போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. டெல்ஃபியா சரிவில் சோளத்துக்குக் களை கொத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கத்தான் ஓடி வந்தேன்."

"எதுக்கு ஓடி வந்தீங்க? கழுதைக்கு நுரை தள்ளுது பாருங்க."

"உங்க வீட்டுக்காரர் எப்ப இறந்தாரு?"

"போன மார்ச்சோட நாலு வருஷம்."

("நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்," என்கிறது நோட்டு. "நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியவில்லை.")

"உடல் எங்கம்மா இருக்கு?"

"மரத் தெப்பம் ஓட்டிக்கிட்டுப் போனாரு. வெள்ளத்துல தெப்பம் உடைஞ்சுபோச்சு. கூடப் போன ரெண்டு பேரு பொணமும் கெடைச்சுது, இவரு கெடைக்கல. கோட்டு மட்டும் ஒரு கெளையில மாட்டியிருந்துச்சு. அதப் பொதைச்சுக் கல்லு நட்டிருக்கோம்."

"உடலே இல்லாம எப்படிம்மா இறுதிப் பிரசங்கம் பண்றது?"

டெல்ஃபியா களைக்கொத்தின் மேல் சாய்ந்துகொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஏன், உங்க ஊருல உடம்ப எதிர்ல வெச்சுக்கிட்டா பேசுவீங்க? அவ்வளவு அவசரத்துல ஒரு ஆளப் பத்தி என்ன தெரிஞ்சிடும்? கொஞ்சம் ஆற வேணாமா, போதகரே?"

4

டெல்ஃபியாவின் சிக்கல் இது. எங்கள் ஓடையில் பிரசங்கத்துக்கு உரியவர் சகோதரர் ஐரா கோம்ப்ஸ். அவர் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். ஐராவின் பிரசங்கத்தைவிட அவர் கழுதை கத்துவது சுருக்கம், பொருளும் விளங்கும் என்று லூதர் ஒரு முறை ஊர் நடுவே சொல்லியிருந்தான். ஐரா மறக்கவில்லை.

"ஆத்தோட போனவன் ஆத்தோடயே போகட்டும்மா," என்றார் டெல்ஃபியாவிடம். "கேலி பேசினவனுக்கு நான் எதுக்கு வாயத் திறக்கணும்?"

இதற்கிடையில் க்ளாய்ட் நேப்பியர் என்பவர் இரண்டு வருடமாக அவளுடைய கொல்லையை உழுது கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியதைக் கேட்டும்விட்டார். அவள் சொன்ன பதில்: "மொதல்ல லூதருக்குப் பிரசங்கம் ஆகட்டும்." சட்டம் இதைக் கேட்கவில்லை. பிரசங்கம் ஆகாத புருஷன் பாதிதான் போயிருக்கிறான் என்று நினைத்தது அவள்.

(இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதுவரை யாரோ ஒரு பெண்ணைப் போல எழுதிக்கொண்டு வந்தேன். டெல்ஃபியா என் அம்மா. க்ளாய்ட் என் அப்பா. 1916 ஆகஸ்டில் பிரசங்கம், அக்டோபரில் கல்யாணம், 1918இல் நான். அம்மாவை அவள் இவள் என்று எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது; உயிரோடு இருந்தவரை கேட்க முடியாததையெல்லாம் கேட்கலாம்.)

வெண்டல் ஒப்புக்கொண்டார். ஆனால் பார்க்காத மனிதனைப் பற்றி எப்படிப் பேசுவது? வீடு வீடாகப் போய் விசாரித்தார். அப்படித்தான் அவருக்கு முதன்முதலாக எங்கள் வீட்டுக் கதவுகள் திறந்தன. நோட்டில் ஏழு பக்கம் லூதர்தான். இடது கைச் சுண்டுவிரல் பாதி கிடையாது, ரம்பம் அறுத்துவிட்டது. காப்பி குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து வைப்பான். வேடிக்கைப் பேச்சை முடிக்கும் முன்பே தானே சிரித்துவிடுவான். கடைசியில் என் அம்மா சொன்னது:

"சாயங்காலம் சோளம் உதிர்க்கறப்ப எனக்காகப் பாடுவாரு. நல்ல குரலு. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. அத மறக்காம சொல்லுங்க, போதகரே."

அந்த வரியின் கீழ் வெண்டல் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

5

இனி வருவது நோட்டில் உள்ளது. நான் சேர்த்தது அடுப்பும் கொஞ்சம் மௌனமும்தான்.

பிரசங்கத்துக்கு மூன்று வாரம் முன்பு, சுவிசேஷத் தாள்கள் கொடுக்க வெண்டல் கணவாய் ஏறி வர்ஜீனியா பக்கம் இறங்கினார். மூடுபனி. (மன்னியுங்கள், அன்றைக்கு உண்மையாகவே மூடுபனி.) ஜூபிலி சறுக்கியது, அவர் விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிய பிறகு ஒரு மனிதர் வந்தார். முதுகில் சுமந்து தன் குடிசைக்குக் கொண்டுபோனார்.

வெண்டல் பேர் கேட்டார்.

"இங்க கூப்பிட ஆளே இல்ல, பேரு எதுக்கு? நீங்க என்ன வேலையா இந்த மலையில?"

"சுவிசேஷம் சொல்றேன்."

"யாராவது கேக்கறாங்களா?"

"அஞ்சு பேரு."

"அதுல ரெண்டு பேரு குளிருக்கு வந்திருப்பாங்க," என்று சொல்லி முடிக்கும் முன்பே அந்த மனிதர் சிரித்துவிட்டார். பிறகு காப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் அவருடைய இடது கையைப் பார்த்தேன்," என்று எழுதியிருக்கிறார் வெண்டல். வேறு ஒன்றும் எழுதவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இதுதான். வீடு வீடாக விசாரிக்காமல் இருந்திருந்தால் அவருக்கு அந்தக் கை வெறும் கை.

மறுநாள் காலை அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அடுத்த மாசம் மேர் ஓடையில ஒரு இறுதிப் பிரசங்கம் பண்ணப் போறேன். லூதர் ஸ்பர்லாக்னு ஒருத்தருக்கு."

அந்த மனிதர் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார்.

"எழுதியாச்சா?"

"ஆச்சு. பையிலதான் இருக்கு."

"வாசிங்க. கால் வீக்கம் வடியற வரைக்கும் நமக்கும் பொழுது போகணுமில்ல."

வெண்டல் வாசித்தார். ஐராவின் கழுதை வந்த இடத்தில் அந்த மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். பாட்டு வந்த இடத்தில் கையை உயர்த்தினார்.

"அத எடுத்துடுங்க."

"ஏன்?"

"அவன் பாடினதே இல்ல. பாடினது அவ. அவன் சோளம் உதிர்த்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருப்பான். வெக்கப்படுவா. அவன் ஒருத்தன் முன்னாலதான் பாடுவா, வேற ஒருத்தர் வந்தா டக்குன்னு நிறுத்திடுவா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த மனிதர் அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "ஏன் மாத்திச் சொன்னான்னு தெரியல. செத்தவன் பங்குக்குக் கொஞ்சம் கூடப் போட்டுக் குடுப்போம்னு நெனச்சிருப்பா."

"பிரசங்கம் முடிஞ்சதும் அவங்க கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க," என்றார் வெண்டல். "க்ளாய்ட் நேப்பியரை."

"நல்ல உழவன்."

"நான் போய் என்ன சொல்லட்டும்?"

"எழுதினதச் சொல்லுங்க. நல்லா எழுதியிருக்கீங்க, தம்பி. அந்த ஒரு வரி மட்டும்தான் தப்பு."

6

லூதர் ஏன் திரும்பவில்லை? நோட்டில் இல்லை. நான் எழுதிப் பார்த்தேன்.

கூட வந்த இரண்டு பேர் செத்து, தான் மட்டும் பிழைத்த வெட்கத்தில் அவர்களுடைய பெண்டாட்டிகள் முகத்தில் விழிக்க முடியாமல்— இது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதாலேயே எனக்கு நம்பிக்கையில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு பெண்— குடிசையில் ஒரு கோப்பைதான் இருந்தது, விருந்தாளிக்குத் தகரக் குவளை என்று வெண்டல் குறித்திருக்கிறார். அடித்துவிட்டேன்.

கரை ஏறியவன், ஒரு நாள் தாமதமாக வீட்டுக்கு நடந்து, மரத்தடியில் நின்று பார்க்கிறான். அங்கே தன் கோட்டைப் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லோரும் அவனைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள், அதைக் கெடுப்பானேன் என்று—

இதையும் நான் நம்பவில்லை. ஆனால் அடிக்க மனம் வரவில்லை. அம்மாவின் பக்கம் நின்று அவன்மீது எனக்குக் கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருடம் ஒரு பெண்ணைப் பாதி விதவையாக நிறுத்திவைத்தவன் கவிழ்த்த கோப்பைக்காக நான் உருகப்போவதில்லை.

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

(அ) வெண்டல் கூட்டத்தில் உண்மையை உடைக்கிறார். அம்மா கணவாய் ஏறிப் போகிறாள். க்ளாய்ட் வேறு யாரையோ கட்டிக்கொள்கிறார். நான் பிறக்கவில்லை. அப்படியானால் இதை எழுதுவது யார்? சிரிக்காதீர்கள்.

(ஆ) வெண்டல் பிரசங்கம் பண்ண மறுத்து, ஜூபிலியை விற்றுவிட்டு ஒஹாயோவுக்கு ரயில் ஏறுகிறார். நேர்மையானவர், ஆனால் அம்மா களைக்கொத்தோடு அப்படியே நிற்கிறாள்.

(இ) வாயை மூடிக்கொண்டு எழுதியதை அப்படியே வாசிக்கிறார். ஞாயிறு பள்ளி நிறைகிறது. சபைக்குக் கடிதம் போகிறது. இருபத்துமூன்று வயதில் ஒரு பொய்யின் மேல் கோயில் கட்டியவராகிறார்.

பல நாள் (இ)தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மடித்துவைத்த தாள்களைப் பிரிக்காததால் வந்த வினை. தபால்காரி புத்தி.

7

அந்தத் தாள்கள் பிரசங்கம். மை எழுத்து. ஒரே ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது: "லூதர் மாலை நேரங்களில் தம் மனைவிக்காகப் பாடுவார்." அதன் மேலே, பென்சிலில்:

"அவருடைய மனைவி பாடுவார். லூதர் சோளம் உதிர்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். வேறு யாராவது வந்தால் அந்தப் பாட்டு நின்றுவிடும்."

இதைப் படித்தபோது நான் எழுந்து வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். முந்நூறு பேர் வந்தார்களாம். பாத்திரம் நிறையக் கோழிக்கறியும் அவரையும் சோள ரொட்டியும். ஐராகூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பிரசங்கத்தைத் தவறவிட அவருக்கு மனமில்லை. கழுதைப் பேச்சு வந்தபோது முதலில் சிரித்தவரும் அவர்தானாம். மறுவாரமே ஞாயிறு பள்ளியில் நாற்பது பேர்.

"நல்ல போதகருதான்," என்பார் அப்பா. "ஆனா ஒண்ணத் தப்பாச் சொல்லிட்டாரு. உங்கம்மா பாடுவான்னுட்டாரு. ஜனங்க சிரிச்சாங்க. வெளியூரு ஆளு, யாரோ மாத்திச் சொல்லியிருப்பாங்க பாவம்."

"அம்மா என்ன செஞ்சா?"

"என்ன செய்வா, நல்ல வெயிலு. நடுவுல எழுந்து ஊத்துக்குப் போனா. கொஞ்ச நேரம் வரல. அப்புறம் மொகத்தக் கழுவிக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தா."

அதுவரை அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அதை அப்பா பெருமையாகச் சொல்வார்.

முப்பத்துமூன்று வருடம் அம்மாவோடு வாழ்ந்தார். அவளுக்குப் பாட வராது என்றே கடைசிவரை நினைத்திருந்தார். நானும் அப்படித்தான். ஆராதனையில்கூட அவள் வாய் அசைந்து நான் பார்த்ததில்லை.

ஊற்றங்கரையில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள்? உலகத்தில் ஒரே ஒரு ஆள் சொல்லியிருக்கக்கூடிய செய்தி, ஒரு ஒஹாயோக்காரர் வாயிலிருந்து முந்நூறு பேர் நடுவே அவளுக்கு மட்டும் வந்து சேர்ந்தது. கணவாய்ப் பாதை அந்த ஊற்றைத் தாண்டித்தான் மேலே போகிறது. அவள் போகவில்லை. உட்கார்ந்தாள். வெண்டல் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா, முடிவை அவள் கையில் கொடுத்தாரா, அல்லது பிழை திருத்தும் நல்ல பிள்ளையாக ஒரு வரியைத் திருத்தினாரா? அன்றைய தேதிக்கு நோட்டில் ஒரே வரிதான்: "மழை இல்லை."

(சட்டப்படி நான் யார் என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம் என்றார்.)

8

இன்னொரு குறிப்பு, 1917 ஏப்ரல். வெண்டல் மறுபடி கணவாய் ஏறினார். குடிசை காலி. பின்னால் புது மண். அந்தப் பக்கத்து மக்கள் நல்லவர்கள். பெயர் தெரியாததால் வெறும் பலகை நட்டிருந்தார்கள். அம்மாவிடம் சொன்னாரா என்று எழுதவில்லை. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்.

பெயரில்லாதவருக்கு யார் பிரசங்கம் பண்ணுவார்கள்? லூதர் ஸ்பர்லாக் சாவதற்கு முன்பு அவருக்குப் பிரசங்கம் நடந்தது. செத்த பிறகு நடக்கவில்லை. எழுபத்துநான்கு வருடமாகக் காத்திருக்கிறார். இனியும் ஆற வேண்டியதில்லை. அவர்மீது உள்ள கோபத்தோடேயே சொல்கிறேன்: நீங்கள் இப்போது வாசித்து முடிப்பது கதை இல்லை, அந்தப் பிரசங்கம். நான் போதகரும் இல்லை, அவர் எனக்கு உறவும் இல்லை. ஆனால் அவர் திரும்பி வராததால் பிறந்தவள் நான். வேறு யாருக்கு இந்தக் கடமை?

என் அம்மா தெரிந்துதான் வந்து உட்கார்ந்தாளா என்று முடிவில் எழுத நினைத்தேன். "அவளுக்குத் தெரிந்திருந்தது" என்று ஒரு தாள். "அவளுக்குத் தெரியாது, வெயில்தான்" என்று ஒரு தாள். இரண்டும் மேசைமேல் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் அப்பா பாவம், மற்றதை எடுத்தால் அம்மா பாவம்.

எங்கள் வழக்கப்படி, போதகர்கள் பேசி முடித்ததும் கூட்டத்தைப் பார்த்து, இவரை அறிந்தவர்கள் யாராவது ஒரு வார்த்தை சொல்லலாம் என்பார்கள். பிறகு யாராவது எழும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அவரை அறிந்தவர்களில் உயிரோடு இருப்பது இப்போது நீங்கள்தான். ஐந்தாம் பகுதியில் அவரோடு ஒரு காலை உட்கார்ந்திருந்தீர்கள். ஊற்றங்கரையில் அவளோடும் நின்றீர்கள். எழுந்திருங்கள். மனதில் பட்டதைச் சொல்லுங்கள், நான் குறுக்கே பேசமாட்டேன்.

அவர் பாடுவார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.